பனி, மூடுபனி, முகில்

மார்கழி மாதத்துப் பெருமழை ஓய்ந்து தை பிறந்ததும், விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் கமக்காரரின் கால்கள் முழங்கால்வரை நனைந்துவிடுகின்றன. இரவில் ஒரு துளி மழையேனும் பெய்திராது. வானம் வெள்ளிகள் நிறைந்து தெளிவாயிருந்திருக்கும். எனினும் நெற்றாள்களெல்லாம் நீராடி எழுந்தவைபோல நிற்கும். "இரவு நல்ல பனி பெய்திருக்கின்றது" என்பார் அவர். இரண்டு கிழமை கழித்து, புதிதாக வெளிவந்த கதிர்களின் கழுத்திலே கபில நிறங் கண்டு கதிர் வெளிறிச் சாயுமாயின், "பனி எரித்துவிட்டது" என்பார்.

இவ்விரு கூற்றுகளிலும் பிழையுண்டு, உண்மையும் உண்டு. பனி மேலிருந்து பெய்வதில்லை. அது தானாகப் பயிரை எரிப்பதுமில்லை. ஆனால் இலையின்மேல் உண்டாகும் அந்த நீர் அங்கே எத்தனை மணிநேரம் தங்குகின்றதோ அதனைப் பொறுத்தே பல நோய்கள் பயிரைப் பற்றுவதும் பற்றாதொழிவதும் அமைகின்றன. அந்த நேரத்தை ஓரளவிற்குக் குறைக்கக் கமக்காரரால் இயலும். ஆகவே காற்றிலுள்ள ஈரம் எவ்வாறு நீராகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் வீண் படிப்பன்று.

காற்றிலுள்ள நீர்

கடல், குளம், வயல், ஈரமண், பயிரின் இலை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் நீர் ஆவியாகிக் காற்றிற் கலந்துகொண்டேயிருக்கின்றது. இந்த நீராவி கண்ணுக்குத் தெரிவதில்லை. கொதிக்கும் கேத்தலின் மூக்கிலிருந்து புகைபோல வருவதை நாம் ஆவி என்கிறோம்; உண்மையில் அது ஆவி குளிர்ந்து நுண்ணிய நீர்த்துமிகளாகிவிட்ட நிலையாகும். உற்று நோக்கினால், மூக்கின் வாயை அடுத்து ஒன்றுமே தோன்றாத சிறு இடைவெளியைக் காணலாம். ஆவி இருப்பது அங்கேதான்.

ஒரு குறித்த வெப்பநிலையிலே காற்றில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. 28 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் இடத்தில் ஏறத்தாழ 27 கிராம் நீராவி இருக்கலாம். 22 பாகையில் 19 கிராம் அளவே இருக்கலாம். 10 பாகையிலோ 9 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே. எல்லையளவு ஆவியைக் கொண்ட காற்று நிரம்பிய காற்று எனப்படும். உள்ள ஆவி இந்த எல்லையில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கூறுவதே சாரீரப்பதன். பிற்பகலில் 28 பாகை வெப்பமுள்ள காற்றில் 19 கிராம் ஆவி இருப்பின் சாரீரப்பதன் ஏறத்தாழ 70 வீதமாகும். துணி காயும், நெல்லும் காயும். அதே காற்று இரவில் 22 பாகைக்குக் குளிருமாயின், ஒரு துளி ஆவியும் புதிதாகச் சேராமலே 100 வீதத்தை அடைந்துவிடுகின்றது. அதற்குமேலும் குளிர்ந்தால் மிகுதியான ஆவி நீராக ஒடுங்கியே ஆகவேண்டும். இவ்வாறு ஒடுங்கல் தொடங்கும் வெப்பநிலையைப் பனிபடுநிலை என்பர்.

வீட்டிலேயே இதனைக் காணலாம். துலக்கிய பித்தளைச் செம்பொன்றில் நீரை ஊற்றி, பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கிவரின், ஒரு கட்டத்தில் செம்பின் வெளிப்புறம் மங்கி, பின்னர் வேர்த்ததுபோல் நனையும். செம்பு ஒழுகவில்லை, சுற்றியுள்ள காற்று செம்பின் குளிர்ந்த மேனியைத் தொட்டுத் தன் நீரை அதன்மேல் வைத்துவிட்டது. வெப்பமானியொன்று கையிலிருப்பின், செம்பு மங்கத் தொடங்கிய வேளையில் நீரின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்க. அன்றைய பனிபடுநிலை அதுவே.

பனி படியும் இரவு

பயிரின் இலையும் இரவில் இந்தச் செம்பைப் போன்றதே. பகலெல்லாம் சூரியனிடமிருந்து வெப்பத்தைப் பெற்ற நிலமும் பயிரும், பொழுது சாய்ந்தபின் தம் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழக்கின்றன. மண்ணுக்குக் கீழிருந்து வெப்பம் ஏறிவந்து இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். மெல்லிய இலைக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. ஆதலால் இலை விரைவாகக் குளிர்ந்து, தன்னைச் சூழ்ந்த காற்றைவிடச் சில பாகை தாழ்ந்துவிடுகின்றது. மனிதர் நிற்கும் உயரத்திலுள்ள காற்று இன்னும் நிரம்பாதிருக்கும்போதே இலை பனிபடுநிலையை அடைந்து நனையத் தொடங்குவது இதனாலேயே.

பனி வானிலிருந்து விழுகின்றதென்றும் நிலத்திலிருந்து எழுகின்றதென்றும் முற்காலத்தில் அறிஞர்கள் வாதிட்டனர். வில்லியம் சாள்சு வெல்சு என்னும் இலண்டன் மருத்துவர் இதனை எளிய முறையிற் சோதித்தார். சம நிறையுள்ள கம்பளி மயிர்ச் சுருள்களை இரவில் வெட்டவெளியில் வைத்து, விடியலில் அவற்றை நிறுத்துப் பார்த்தார். கால்களின்மேல் உயர்த்திய பலகையின் மேற்புறத்தில் வைத்த மயிர் மிகுதியாக ஈரமேற்றது. அதே பலகையின் கீழே கட்டியது சிறிதளவே ஏற்றது. திறந்த வானத்தைக் காணும் பொருளே நன்கு குளிர்கின்றது. குளிர்ந்த பொருளிலேயே பனி படிகின்றது என்பதை அவர் நிறுவி, 1814ஆம் ஆண்டிற் பனியைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டதை நம் ஊர்த் தோட்டங்களிலும் காணலாம். திறந்த பாத்தியிலுள்ள மிளகாய்ச் செடி நனைந்து நிற்க, பத்தடி தள்ளி வாழையின் கீழ் நிற்கும் செடி உலர்ந்திருக்கும். பனி மழைபோல விழுமாயின், வாழையின் இலைநுனிகளிலிருந்து சொட்டி அச்செடியையும் அது நனைத்திருக்கவேண்டுமன்றோ?

முகில் மூடிய இரவிற் பனி குறைவு. முகிலும் தன் வெப்பத்தைக் கீழ்நோக்கி வீசுவதால் இலை அதிகம் குளிர்வதில்லை. காற்று பலமாக வீசும் இரவிலும் பனி குறைவு. இலையைத் தொட்டுக் குளிர்ந்த காற்றை அது உடனே அடித்துச் சென்று மேலுள்ள வெப்பக் காற்றைக் கலந்துவிடும். ஆகவே தெளிந்த வானம், அசையாத காற்று, ஈரமான நிலம் ஆகிய மூன்றும் கூடும் இரவே பெரும்பனி இரவாகும். வடகீழ்ப் பருவமழையின் பின்னர், தை மாசி மாதங்களில், வடக்கிலும் கிழக்கிலும் வன்னியிலும் இம்மூன்றும் அடிக்கடி கூடுகின்றன. காலபோக நெல் பல இடங்களிற் கதிர் ஈனுவதும் முற்றுவதும் அக்காலத்திலேயே என்பது கவனிக்கத்தக்கது.

இங்கு ஒரு சிறு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நன்று. விடியலில் இளநெல்லின் இலை நுனியில் முத்துப்போல ஒரேயொரு பெருந்துளி நிற்பதைக் காண்கிறோம். அது பெரும்பாலும் பனியன்று. வேர் இரவில் உறிஞ்சிய நீர் இலைநுனி வழியாகக் கசிந்து நிற்பது அது. வேர் செவ்வையாக வேலை செய்கின்றது என்பதற்கு நல்ல அடையாளம். இலைப்பரப்பு முழுவதும் நெருங்கிப் படிந்திருக்கும் நுண்துளிகளே பனியாகும்.

பனியே பயிருக்கு நீர் பாய்ச்சியதற்குச் சமம் என்று எண்ணி இறைப்பைத் தள்ளிப்போடுவோரும் உளர். ஓர் இரவிற் படியும் பனி பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு முதல் அரை மில்லிமீற்றர் வரையே. மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு எனக் கொண்டாலும் ஏக்கரொன்றுக்கு 800 லீற்றர் அளவாகும். நெல்வயலொன்றிலிருந்து ஒருநாளில் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகுமாயின் அஃது ஏக்கரொன்றுக்கு 20,000 லீற்றருக்கு மேலாகும். இனிக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நுவரெலியாப் பகுதியிலே தை மாசி மாதத்துத் தெளிந்த இரவுகளில் இலையின் வெப்பநிலை உறைநிலைக்குங் கீழே இறங்குவதுண்டு. அப்போது ஆவி நீராகாமல் நேரே பனிக்கட்டித் துகள்களாகப் படிகின்றது. அதுவே உறைபனி. குளிர்ந்த காற்று பாரமானது. சரிவு வழியே நீர்போல வழிந்து பள்ளத்திற் தேங்கும். அதனால் மேட்டிலுள்ள உருளைக்கிழங்கு தப்பியிருக்க, பள்ளத்திலுள்ளது கருகிக் கிடப்பதைக் காணலாம். இந்த ஓர் இடத்தில் மட்டும் "பனி எரித்தது" என்ற சொல் முற்றிலும் பொருந்தும்; இலையினுள்ளே உள்ள நீர் உறைந்து இழையங்கள் கெடுகின்றன. அத்தகைய பள்ளங்களில் அம்மாதங்களில் இளஞ்செடிகளை நடாதிருப்பதே மேல். நட்டிருப்பின், மாலையிலேயே வைக்கோலாலோ பன்னத் தழையாலோ மூடி, காலையில் நீக்கிவிடவேண்டும். வெல்சின் பலகை செய்த வேலையையே இந்த மூடாக்கும் செய்கின்றது.

மூடுபனியும் முகிலும்

குளிர்ச்சி இலையோடு நில்லாமல் நிலத்தை அடுத்த காற்றுப்படை முழுவதிலும் பரவுமாயின், நீர் காற்றிலேயே துமிகளாக ஒடுங்கி மிதக்கின்றது. அது மூடுபனி. குளத்தின் அலைகரையிலும் பள்ள வயல்களிலும் விடியற்காலையில் வெண்டுகில் விரித்ததுபோல் அது கிடக்கும். சூரியன் ஏறி நிலம் வெப்பமடையக் கலையும்.

காற்றில் நீர் ஒடுங்குவதற்கு அது பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஸ்கொத்லாந்து அறிஞர் சோன் எயிற்கின் 1880ஆம் ஆண்டளவில் இதனைக் காட்டினார். இரு கண்ணாடிக் கலங்களில் ஒன்றிற் சாதாரண காற்றையும் மற்றதிற் பஞ்சினூடாக வடித்த காற்றையும் நிரப்பி, இரண்டினுள்ளும் கொதிநீராவியைச் செலுத்தினார். முதலாவதில் அடர்ந்த மூடுபனி உண்டாயிற்று. தூசியற்ற மற்றதில் ஒன்றும் தோன்றவில்லை. நம் நாட்டைச் சூழ்ந்த கடலிலிருந்து எழும் உப்புத் துகள்களும், புகையும், தூசியும் நம் வானில் இப்பணியைச் செய்கின்றன.

முகிலென்பது உயரத்திலுள்ள மூடுபனியே. அற்றன் வீதியில் நிற்பவர் "மூடுபனி வந்துவிட்டது" என்கையில், கீழே கினிகத்தேனையில் நிற்பவர் "மலையில் முகில் படிந்துவிட்டது" என்பார். இருவரும் பார்ப்பது ஒன்றையே. ஆயின் முகில் உண்டாகும் வழி வேறு. அங்கே காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டுக் குளிர்வதில்லை. மேலே எழுவதாற் குளிர்கின்றது. மேலே அமுக்கம் குறைவாதலாற் காற்று விரிகின்றது, விரிவதாற் குளிர்கின்றது. நிரம்பாத காற்று ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்திற்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும். நிலத்தருகே வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆற் பெருக்கினால் திரள்முகிலின் அடி எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்குமென்று மதிக்கலாம். பிற்பகலில் வெப்பநிலை 32 பாகை, செம்பு காட்டிய பனிபடுநிலை 24 பாகை என்றால், வேறுபாடு 8. முகிலடி ஏறத்தாழ 1,000 மீற்றர். முகில்களின் அடிப்புறம் கோல் வைத்து வெட்டியதுபோல் ஒரே மட்டமாயிருப்பதன் காரணமும் இதுவே.

ஆவி நீராகும்போது, முன்னர் நீரை ஆவியாக்கிய வெப்பம் திரும்ப வெளிப்படுகின்றது. ஆகவே முகிலினுள் எழும் காற்று மெதுவாகவே குளிர்கின்றது; 100 மீற்றருக்கு அரைப் பாகையளவு எனக் கொள்ளலாம். மட்டக்களப்பு மக்கள் ஆனி ஆடியில் நன்கறிந்த கச்சான் காற்றின் வெம்மை இதிலிருந்தே பிறக்கின்றது. எடுத்துக்காட்டாக, மேற்குக் கரையில் 28 பாகையிலுள்ள ஈரக்காற்று மலையில் ஏறத் தொடங்குகின்றது. 400 மீற்றரில் 24 பாகையாகி முகிலாகின்றது. அதன்பின் 2,000 மீற்றர் வரை மெதுவாகக் குளிர்ந்து 16 பாகையை அடைகின்றது. வழியிலே வட்டவளை போன்ற இடங்களில் தன் நீரையெல்லாம் கொட்டிவிடுகின்றது; வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றருக்கு மேல். நீரிழந்த அக்காற்று கிழக்கே கடல்மட்டத்திற்கு இறங்கும்போது 100 மீற்றருக்கு ஒரு பாகையாகச் சூடேறி 36 பாகையாகின்றது. உண்மையில் வழியிற் பிற காற்றும் கலப்பதால் இந்தக் கணக்குச் சற்று முன்பின்னாகும். எனினும் மேற்கே மழையாக விழுந்த நீரின் வெப்பமே கிழக்கே சிறுபோக வயலைக் காயவைக்கின்றது என்பது உண்மை. கச்சான் வீசும் இரவிற் பனி படியாமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

முகிற்றுமி மிகச் சிறியது. அதன் விட்டம் மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்கு. சாதாரண மழைத்துளியொன்று உண்டாக அத்தகைய துமிகள் பத்து இலட்சமளவில் ஒன்றுசேரவேண்டும். அதனாலேயே முகில்களிற் பெரும்பாலானவை மழை தராது கரைகின்றன. மழை தராத முகிலும் சிலவிடத்து நீர் தருவதுண்டு. ஹோட்டன் சமவெளியின் மரங்கள் தம்மூடே நகரும் முகிலை இலைகளாலும் பாசியாலும் வடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலையூற்றுகள் அப்பகுதியிலுள்ளன. பொலநறுவை வயலொன்றிற் பாயும் நீரிற் சிறு பங்கேனும் இவ்வாறு மரம் பிடித்த முகிலாயிருத்தல் கூடும்.

இலை நனைந்திருக்கும் நேரம்

இனி நோய்க்கு வருவோம். நெல்லின் எரிபந்த நோய் ஒரு பங்கசினால் உண்டாவது. அதன் வித்திகள் பெரும்பாலும் இரவிலேயே காற்றிற் பரவி இலைகளில் விழுகின்றன. உலர்ந்த இலையில் விழுந்த வித்தி ஒன்றும் செய்யமாட்டாது. இலையில் நீர் இருப்பின் சில மணிநேரத்தில் முளைத்து, நீர் தொடர்ந்து நிற்குமாயின் இலையைத் துளைத்து உட்செல்லும். 25 பாகையளவான வெப்பநிலையில் இதற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மணிநேர ஈரம் போதும். இரவு பத்து மணிக்குப் பனி படியத் தொடங்கிக் காலை ஆறரைக்கு உலர்ந்தால் எட்டரை மணிநேரம். அதே பனி, மூடுபனியாலோ மந்தாரமான காலையாலோ மரநிழலாலோ ஒன்பதரை வரை நின்றால் பதினொன்றரை மணிநேரம். பயிரின் கேடு பெரும்பாலும் இந்த மூன்று மணிநேரத்திலேயே தங்கியுள்ளது.

ஈரநேரத்தை வைத்து நோயை முன்னறியும் முயற்சி புதியதன்று. உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோய் 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்திற் பெரும் பஞ்சத்தை விளைவித்தது. 1926ஆம் ஆண்டில் ஒல்லாந்தைச் சேர்ந்த வான் எவர்டிங்கன் அந்நோய் வரும் நாளை அறிவதற்கு நான்கு குறிகளை வகுத்தார். இரவிற் குறைந்தது நான்கு மணிநேரப் பனி, 10 பாகைக்குக் குறையாத இரவு, மறுநாள் மந்தாரம், சிறிதளவேனும் மழை என்பன அவை. மழைக்கு முன்பாகப் பனியை வைத்து எண்ணினார் என்பது நோக்கற்பாலது. மலைநாட்டில் உருளைக்கிழங்கும் தக்காளியும் செய்வோர் முகில் படிந்த கிழமைகளில் இந்நோய்க்கு அஞ்சுவதன் காரணம் இதிலே விளங்கும்.

இந்நேரத்தைக் குறைப்பதற்குச் செய்யக்கூடியன சில உள. வயலின் கிழக்கு வரம்பிலுள்ள மரங்களின் தாழ்ந்த கிளைகளைப் போகத்துக்கு முன்னரே வெட்டிவிடுதல் நன்று. மேற்கு வரம்பு மரத்தால் இத்தீங்கு இல்லை. காலைச் சூரியனை மறைப்பது கிழக்கு மரமே. மிக நெருக்கமாக விதைத்த வயலிற் காற்று புகாது, கீழிலைகள் நண்பகல்வரை நனைந்தே நிற்கும். நைதரசன் பசளையை அளவுக்கு மிஞ்சி இடுதல் இருவகையிற் கேடு: பயிர் அடர்ந்து ஈரத்தைப் பிடிக்கின்றது, இலை மென்மையாகிப் பங்கசுக்கு எளிதில் இடங்கொடுக்கின்றது. நீர் நிற்கும் வயலைவிட நீர் வற்றிய வயலில் எரிபந்தம் கடுமையாதலை எங்கும் காணலாம். வயலிலுள்ள நீர் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவிற் பயிருக்குத் தருகின்றது என்பது அதற்கொரு காரணம். ஆகவே கதிர் ஈனும் பருவத்திற் பனி மிகுந்த நாள்களில், நீர் வசதியுள்ளோர் வயலைக் காயவிடலாகாது.

மரக்கறிப் பாத்திகளுக்குத் தெளித்து நீரூற்றுவோர், மாலையில் ஊற்றும் வழக்கத்தை விடவேண்டும். ஐந்து மணிக்கு இலையை நனைத்தால், பத்து மணிக்கு வரவேண்டிய ஈரத்தை ஐந்து மணிநேரம் முன்கூட்டியே அழைத்தவராவோம். விடியலிற் பனி நிற்கும்போதே தெளிப்பதாற் புதிதாக ஈரநேரம் கூடுவதில்லை. இலை ஏற்கெனவே நனைந்தன்றோ இருக்கின்றது! வாய்க்கால் வழியே பாய்ச்சுவோருக்கு இக்கவலை இல்லை. போஞ்சிப் பாத்தியுள் பனி உலருமுன் நுழைந்து களை பிடுங்குவதும் காய் ஆய்வதும் தவறு. நனைந்த இலையிலிருந்து கைக்கும் உடைக்கும், அங்கிருந்து அடுத்த செடிக்கும் நோயை நாமே சுமந்து செல்கிறோம். பனியுள்ள நெல்லின்மேல் யூரியாவை வீசின் மணிகள் இலையில் ஒட்டிக் கரைந்து சுடும். அவ்வாறு சுட்ட தழும்பைக் கண்டு நோயென்று மருந்தடித்தோரும் உண்டு. மருந்தும் பனி உலர்ந்த பின்னரே தெளிக்கப்படல் வேண்டும். நனைந்த இலையில் அது நீர்த்து வழிந்துவிடும்.

கதிர் வெளிவருவதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமை முன்னிருந்து, நாள்தோறும் ஏழு மணிக்கும் எட்டரைக்கும் பத்துக்கும் வயலின் ஒரே இடத்தில் நெல்லிலையை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, துணி நனையாத நேரத்தை நாட்காட்டியிற் குறித்துவருக. அந்நேரம் எட்டரையைத் தாண்டும் நாள்கள் தொடர்ந்து வருமாயின், கிழக்கு மரநிழல் விழும் மூலைக்குச் சென்று இலைகளை ஆராய்க. நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமுமாக, கண் வடிவான புள்ளிகள் அங்கேதான் முதலில் தோன்றும். கண்டால் அன்றே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்து, பங்கசு நாசினியைப்பற்றிக் கேட்டறிந்துகொள்க. கதிரின் கழுத்துக் கறுத்தபின் அடிக்கும் மருந்து அக்கதிரை மீட்காது.